ஒரு தூக்கு நீராகாரம்

"உள்ள வராதீங்க பெரியத்த. அங்கயே நில்லுங்க."

கேட்டின் கொண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு ரேணுகா சொன்னதைக் கேட்டதும் கமலாம்பாளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறிற்று. மரக்காணம் உப்பளத்தில் விடியுமுன் தொடங்கிய வேலையை முடித்துவிட்டு, காலில் அப்பிய சேற்றைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தாள். உள்ளே கிடப்பவள் அவளுடைய உடன்பிறந்த தங்கை திரௌபதி, மார்பில் புற்றுநோய். மூன்றாவது கீமோ ஏற்றி ஒன்பது நாளாகியிருந்தது.

"கூடப் பொறந்தவளப் பாக்க மருமக உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமாடி?"

"ரத்தத்துல வெள்ளணு ரொம்பக் கம்மியா இருக்குது. யாரையும் கிட்ட விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஜன்னலாண்ட நின்னு பேசுங்க."

"மாமியார ஜெயில்ல வெச்சிருக்கியே, நல்லா இருப்ப!"

ஜன்னல் கம்பிக்கு அப்பால் திரௌபதியின் முகம் காகிதம்போல் வெளுத்திருந்தது.

"வாயெல்லாம் புண்ணுக்கா. உடம்பு பூரா எரியுது. இவ குடுக்கற எதுவும் தொண்டையில இறங்க மாட்டேங்குது."

உப்பளத்தில் வேகிறவர்களுக்குச் சூடு என்றால் ஒரே மருந்துதான் தெரியும். மறுநாள் காலை, ரேணுகா பிள்ளையைப் பள்ளியில் விடப் போன நேரம் பார்த்து, கமலாம்பாள் பின்வாசல் வழியே நுழைந்தாள். தூக்கு நிறைய நீராகாரம். முந்தின நாள் சோற்றைக் கையாலேயே பிசைந்து, உப்புப் போட்டுக் கரைத்துக் கொடுத்தாள்.

"அப்பாடா, சில்லுனு இறங்குதுக்கா!"

சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டுத் திரௌபதி சிரித்தாள். பத்து நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

அடுத்த நாள் நண்பகலில் நூற்று மூன்று டிகிரி காய்ச்சல்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் வெளியே வந்தார்.

"தொற்று ரத்தத்துல கலந்திருக்கும்னு சந்தேகப்படறோம். வெளியாளுங்க யாராவது வந்தாங்களா? பழைய சாப்பாடு ஏதாவது குடுத்தீங்களா? மறைக்காம சொல்லுங்க."

"யாரு குடுத்திருந்தாலும் சரி," என்று திரௌபதியின் மகன் விஜயகுமார் உறுமினான். "இனிமே அவங்க நிழல்கூட எங்கம்மா மேல படக்கூடாது. வாசப்படி மிதிக்க விடமாட்டேன்."

சுவரோரம் நின்றிருந்த கமலாம்பாள் டாக்டரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். சொன்னால் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாது. சொல்லாவிட்டால் தங்கையே இருக்கமாட்டாளோ என்னவோ! வாயைத் திறந்தாள்.

"நீராகாரம் குடுத்தேன் சார். நேத்து காலையில. முந்தின நாள் சோறு, காய்ச்சாத தண்ணி."

சொன்னவள் ரேணுகா.

"சொன்னது நல்லதாப் போச்சு," என்று டாக்டர் விரைந்து உள்ளே திரும்பினார்.

"படிச்சவதானேடி நீ? எங்கம்மாவக் கொல்லவா பாத்த?" விஜயகுமாரின் கத்தலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. ரேணுகா தலை நிமிரவில்லை. நர்ஸ் வந்து அவனை மருந்து வாங்க அனுப்பிவைத்தாள்.

அவன் தலை மறைந்ததும் கமலாம்பாள் ரேணுகாவின் கையைப் பற்றினாள்.

"நீ எங்கடி குடுத்த? பாவி நான்தானே..."

"தெரியும் பெரியத்த. அக்கா வந்துச்சு, சோறு இறங்குச்சுன்னு அத்தை நேத்தே சந்தோஷமா சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏண்டி பழிய உன் தலையில போட்டுக்கிட்ட?"

"என்னை எவ்வளவு திட்டினாலும் அவரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்த்தானே ஆகணும்? உங்கள வாசல்லயே நிறுத்திடுவாரு. அத்தைக்கு இன்னும் மூணு கீமோ இருக்குது, பெரியத்த. அக்கா நீங்க இல்லாம அவங்க அதைத் தாண்ட மாட்டாங்க."