முறுக்குப் பந்தயம்

"ரகுபதி, ராணியைத் தொட்டுட்டீங்க. இனி அதைத்தான் நகர்த்தணும்!"

"தூசி தட்டினேன் லா. உங்களுக்கு ஏன் இவ்வளவு பயம்?"

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில், ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், செஸ் பலகை வரைந்த கல்மேசையில், வெள்ளைக்காக ரகுபதியும் கறுப்புக்காக ஞானசேகரனும் மல்லுக்கு நின்றார்கள்.

"இந்த ஆட்டத்துல தோத்தா, தீபாவளிக்கு மொத்த முறுக்கும் சுடணும். ஞாபகம் இருக்கட்டும்," என்றார் ஞானசேகரன்.

"முதல்ல உங்க ராஜாவைப் பாருங்க." ரகுபதி ராணியை நகர்த்தி செக் வைத்தார்.

ஞானசேகரன் அலட்டிக்கொள்ளாமல் குதிரையைத் தாவவிட்டு அந்த ராணியை வெட்டினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது.

"செக்மேட்!"

அப்போது கோப்பி பாக்கெட்டுகளோடு அனிதாவும் வர்ஷாவும் வந்தார்கள்.

"அங்கிள், நாங்க கோப்பி வாங்கப் போன நேரத்துல எங்க ஆட்டத்தை யாரு ஆடினது?" அதுவரை வெள்ளைக் காய்களை வைத்து ஆடிக்கொண்டிருந்த அனிதா அலறினாள்.

ஆடியது தான் இல்லை என்பதுபோல் ரகுபதி அவளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னம்மா நீ, அந்தக் குதிரையைப் பார்க்காம ராணியைக் கொடுத்துட்டியே! போ, போய் முறுக்குக்கு மாவு பிசை."