நன்றாகத் தூங்கினான்

மணி ஒன்று பத்து. குழந்தைகள் காப்பகத்தின் சுவரில் மாட்டியிருந்த பையிலிருந்து மகனின் நோட்டை எடுத்துப் பார்த்தாள். அன்றைய தேதி போட்டு எழுதியிருந்தது.

'மதியத் தூக்கம்: 12.45 முதல் 2.45 வரை. நன்றாகத் தூங்கினான்.'

இன்னும் வராத இரண்டே முக்காலை இப்போதே எழுதி வைத்த மகராசி எங்கே என்று தேடினாள் வாலுவின் அம்மா.

வாலுவுக்கு ஒன்றே முக்கால் வயது. காப்பகத்தில் சேர்ந்து மூன்று வாரம். மூன்று வாரமாக நோட்டில் இதே வரிதான். ஆனால் மாலையில் பஸ் ஏறியதும் அவள் தோளில் சாய்ந்து அடித்துப் போட்ட மாதிரி தூங்குவான். இறங்கும்போது எழுப்பினால் ஊரைக் கூட்டுவான். அப்புறம் ராத்திரி பதினோரு மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பான்.

"மதியம் ரெண்டு மணி நேரம் தூங்கற பய இப்படியா பஸ்ல தூங்கி வழிவான்? யாரோ நம்ம காதுல பூ சுத்தறாங்க" என்று நேற்றுத்தான் கணவன் சொன்னான்.

இன்று அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் மெஷின் படுத்துவிட்டது. அரை நாள் லீவு. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள்.

அறையில் பன்னிரண்டு பாய். பதினோரு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாவது பாய் காலி.

பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வாலுவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். வாலு அவள் ஹேர்பின்னைப் பிடுங்குவதில் மும்முரமாக இருந்தான். படியில் ஒரு டிபன் பாக்ஸ் திறக்காமல் கிடந்தது. கோபத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

"இதுதான் நல்லா தூங்கற லட்சணமாக்கா?"

"உஸ்... மெதுவாம்மா. மத்ததுங்க எழுந்துக்கும்."

குசுகுசுவென்று சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"நோட்டுல பச்சைப் பொய் எழுதறீங்களே!"

"ஆமாம்மா. தப்புதான்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"இதை அப்படியே மேனேஜர்கிட்ட காட்டறேன்."

அக்காவின் முகம் மாறியது. "அது மட்டும் வேண்டாம்மா."

"ஏன், வேலை போயிடும்னு பயமா?"

அக்கா வாலுவின் முதுகைத் தட்டிக்கொண்டே திரும்பி நடந்தாள்.

தன் அறையில் இருந்த மேனேஜர் முழுவதையும் கேட்டார். நோட்டைத் தொடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார்.

"தூங்கலையா? அதெப்படி? இது மதியம் மட்டும் தூங்கற பிள்ளைங்களோட ரூம். தூங்காதது ஒண்ணு இருந்தா மத்த பதினொண்ணையும் எழுப்பி விட்டுடும். அதுக்காகத்தான் சேர்க்கைப் படிவத்துலயே கேட்கறோம்."

விரித்துக் காட்டினார். அவளுடைய கையெழுத்தேதான்.

'காலையில் தூங்குவதில்லை. மதியம் ஒரே தூக்கம். ஆறு மாதப் பழக்கம்.'

வீட்டில் அவன் பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என்று கடிகாரம் வைத்தாற்போல் இரண்டு தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தவன். ஆனால் லேபில் எடுத்திருந்த நீண்ட லீவு முடிந்துவிட்டது. இங்கே இருந்ததோ ஒரே ஒரு இடம். எழுதும்போது பேனா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"இது தப்புன்னா நீங்க இன்னையோட வேற இடம் பார்த்துக்க வேண்டியதுதான். ஒன்பது பேர் வரிசையில நிக்கறாங்க. சொல்லுங்க, தூங்கறானா, இல்லையா?"

நாளைக் காலை எட்டு மணிக்கு லேபில் நிற்க வேண்டும். பிள்ளையை எங்கே விடுவது?

கதவு மெல்லத் திறந்தது. அக்கா. அவள் தோளில் வாலு, வாயைப் பிளந்துகொண்டு, எச்சில் ஒழுக, ஆழ்ந்த தூக்கத்தில். கையில் மட்டும் அந்த ஹேர்பின்.

"தூங்கிட்டான் மேடம். இன்னைக்குக் கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். ஃபைலை மூடினார். "இதுக்குப் போயா இவ்வளவு பதட்டம்?"

வாலுவின் அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பன்னிரண்டாவது பாயில் போட்டதும் வாலு ஒரு முறை புரண்டான். கட்டை விரலை வாயில் வைத்தான். அவ்வளவுதான், அசையவில்லை. பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அக்கா படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

"இனி கவலையில்லைம்மா. பத்து மணித் தூக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிக்கிட்டே வந்தேன். நேத்து வரைக்கும் காலையில அரை மணி கோழித்தூக்கம், மதியம் முழிப்பு. இன்னைக்குத்தான் காலையில தாக்குப்பிடிச்சான். ஒரு வாரம் இதே மாதிரி போனா, பஸ்ல தூங்க மாட்டான் பாருங்க."

"மூணு வாரமா உங்க சாப்பாட்டு நேரத்துலயா அவனைத் தூக்கிட்டு நடந்தீங்க?"

"அவனை வேற எப்பத் தூக்கறது? மத்த நேரம் பன்னெண்டும் முழிச்சிருக்குமே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. எதுக்கு நோட்டுல பொய் எழுதணும்?"

அக்கா வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"முதல் நாளே பத்து மணிக்கு என் மடியில தூங்கிட்டான்மா. நோட்டுல உண்மையை எழுதியிருந்தா, படிவத்துல நீங்க எழுதினது பொய்யாயிருக்குமே!"