இன்னும் சாப்பிட்டு முடியலை

"அண்ணி, காசைப் போடச் சொல்லுங்க. படையல் ஆறுது," என்றாள் சியூ லான். அண்ணனிடம் நேராகப் பேசமாட்டாள்.

அண்ணன் பெங் ஹுவாட் படையலுக்கு முன்னால் இரண்டு காசுகளைப் போட்டான். ஒன்று பூவும் மற்றது தலையுமாக விழுந்தால்தான் இறந்தவர் சாப்பிட்டு முடித்ததாக அர்த்தம். அப்புறம்தான் மற்றவர்கள் சாப்பிடலாம்.

இரண்டும் பூ.

"இன்னும் முடியலை," என்றான்.

பிரம்பு நாற்காலியில் கிழவர் கெங் ஹோ காசுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பினாங்கு வீடு யாருக்கு என்ற சண்டையில் பிள்ளைகள் இருவரும் பேச்சை விட்டு வருஷக்கணக்காகிறது.

மறுபடி போட்டான். மறுபடியும் பூ.

"வாத்துல உப்பு கம்மியோ என்னவோ," என்று முனகினான்.

"நீ சமைச்சா வேற எப்படி இருக்கும்?" சியூ லான் வாய் தவறி அவனிடமே சொல்லிவிட்டாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாக்டர் உப்பே கூடாதுன்னப்போ, ஒளிச்சுவச்சுக் கருவாடு ஊட்டினது யாரு?"

"நான்தான்." அவளும் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "ஆனா குளிப்பாட்டி, தூக்கி உட்காரவச்சுப் பார்த்துக்கிட்டது நீயும் அண்ணியும். அதுக்கு நான் ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னதில்லை. வீடு உங்களுக்கே இருக்கட்டும், அண்ணே."

"சாவி உங்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும். சொல்லாம கொள்ளாம வந்து போ."

அவன் காசைப் போட்டான். இந்தத் தடவை கெங் ஹோ குனிந்து அதைப் புரட்டிவிடவில்லை.

ஒரு பூ, ஒரு தலை.

"அப்பாவுக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு," என்றாள் சியூ லான்.