அட்டைப்பெட்டி மூடாக்கு

நாலு மணி வெயில் சுவரை விட்டு இன்னும் இறங்கவில்லை. லேத் பட்டறையில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்றவர் தக்காளிப் பாத்தியில் மண்டியிட்டு, மகள் அனுப்பிய பார்சலின் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிக்கிறார். பிளாஸ்டிக் டேப் மண்ணில் மக்காது என்று நகத்தால் நெம்பிச் சர்ரென்று உரிக்கிறார். தன் பெயர் அச்சடித்த சீட்டை மட்டும் கிழியாமல் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். வாளித் தண்ணீரில் ஊறிய அட்டை கனத்துத் தொங்குகிறது. ஒட்டிப் போட்டால் தண்டு அழுகிவிடும். நாலு விரல் வைத்து அளந்து, ஒவ்வொரு செடியைச் சுற்றியும் இடம் விட்டு அட்டையை அழுத்தி, மண்ணின் ஈரம் காயாதபடி மேலே சருகைப் பரப்பி மூடாக்குப் போடுகிறார். பக்கத்துப் படியில் போன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருக்கிறது. "கால் அமுக்குற மெஷின் எப்படிப்பா இருக்கு? வலி தேவலையா?" மகளின் குரலுக்குப் பின்னால் ஏதோ ரயில் அறிவிப்பு. சன்னல் வழியே தெரியும் கட்டிலில், உறை பிரிக்காத மெஷின், ஒற்றை ஆளுக்கு மூன்று ஜாரோடு போன மாதம் வந்த மிக்ஸியின் பக்கத்தில் கிடக்கிறது. "பிரமாதம்மா. அடுத்த மாசம் வர்றேன்னு சொன்னியே?" "லீவு எங்கப்பா குடுக்கறாங்க? வேற என்ன வேணும், வாய் விட்டுக் கேளுங்க. எப்பக் கேட்டாலும் ஒண்ணும் வேணாம்பீங்க." அவர் திரும்பிப் பார்க்கிறார். கத்தரிப் பாத்தி முழுக்க மொட்டை மண், வெயிலில் வெடித்துக் கிடக்கிறது. ஈரக் கையோடு போனருகே குனிகிறார். "பெருசா ஏதாவது அனுப்பும்மா," என்கிறார். "எதுவா இருந்தாலும் சரி."