சத்தம் போடாத லேப்டாப்

உச்சி வெயில் கண்ணாடிக் கதவில் சாய்ந்திருக்க, பழவேற்காடு கடைத்தெருவில் ஹாமித் தன் லேப்டாப் கடையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடு நிற்கிறார். நிறுத்தச் சொன்னவள் ஐஸ்வர்யா. குப்பத்து வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவள். பழைய லேப்டாப்பின் இரைச்சல் அத்தை இருசம்மாளின் குரலை விழுங்கிவிட்டதால், அத்தையையும் கூட்டிக்கொண்டு வேறு வாங்க வந்திருக்கிறாள். மீன் ஏலத்தில் கத்திக் கத்தி அத்தைக்கு மிஞ்சியிருப்பது மூச்சைவிடக் கொஞ்சம் பெரிய குரல். ஏலத்துக்கு உதவாது; பாட்டுக்கு அதுதான் வேண்டும் என்பது ஐஸ்வர்யாவின் கட்சி. மேசைமேல் மைக், அவள் காதில் ஹெட்போன். முதல் லேப்டாப் பெருமூச்சு விடுகிறது. இரண்டாவது வாயே திறக்கவில்லை, ஆனால் பதிவுகளைச் சேமிக்க அதில் இடம் குறைவு. ஹாமித் பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்றைச் செருக, அது வண்டுபோல ரீங்கரிக்கிறது. “இத்த பக்கத்து ரூம்ல வெச்சுக்கோம்மா.” “எந்த ரூமு பாய்? இருக்கறதே ஒண்ணுதான்.” அதைப் பிடுங்கிவிட்டு, உள்ளே எதுவும் சுழலாத, சத்தமே இல்லாத தீப்பெட்டி அளவு எஸ்எஸ்டி ஒன்றைச் செருகுகிறாள் ஐஸ்வர்யா. “அதே வெலைக்கு இது கால்வாசிதாம்மா புடிக்கும். பெருசுல ஆயிரம் பாட்டு போடலாம்.” “இன்னும் ஒரு பாட்டே முடியல நைனா,” என்கிறாள் இருசம்மாள்.

பிறகு அவள் பாடுகிறாள். வரிக்கும் வரிக்கும் நடுவே எச்சில் விழுங்குவதுகூட ஹெட்போனில் கேட்கிறது. பாடி முடித்து, வந்துச்சா என்று கண்ணாலேயே கேட்கிறாள். ஐஸ்வர்யா தலையை மட்டும் ஆட்டுகிறாள். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் கண்ணில் தொடங்கிய நீர் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. உறிஞ்சினால் அதுவும் பதிவாகிவிடும் என்று அப்படியே விட்டுவிடுகிறாள்.