பானட்டுக்கு அந்தப் பக்கம்

பழைய கார்பரேட்டர் கையோடு வந்துவிட்டது.

அது உட்கார்ந்திருந்த இடத்தில் கசிவைத் தடுக்க வைக்கிற பேக்கிங் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத கறுத்த அட்டை. பிளேடை வைத்துச் சுரண்டப் போனவன் நின்றான்.

அட்டையின் ஓரத்தில் ஒரு சிறு துளை உண்டு. என்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் இறங்குகிற வழி அது.

துளை இடது பக்கம் இருக்க வேண்டும்.

வலது பக்கம் இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். புது அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் அதேதான். யாரோ அட்டையைத் திருப்பி வைத்து, வழியை அடைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. இந்த அம்பாசிடரின் பானட்டுக்குள் இருபது வருடமாக அவனைத் தவிர ஒருவரும் கை வைத்ததில்லை. உடுமலையில் இருக்கிற மெக்கானிக்குகள் அத்தனை பேரையும் ஒன்றும் தெரியாதவர்கள் என்று சொல்லித் திரிந்தவன் அவன்.

“மச்சான், ஆக்சிலேட்டர் மிதிக்கோணுங்களா?”

டிரைவர் சீட்டிலிருந்து திருமூர்த்தி கேட்டார். தங்கை விசாலாட்சியின் வீட்டுக்காரர். தூக்கி நிறுத்திய பானட் இருவருக்கும் நடுவில் இருந்தது.

“இருங்க மாப்ள. இன்னும் மாட்டல.”

குரல் ஒழுங்காகத்தான் வந்தது. அதுவே அசிங்கமாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவிப் புது அட்டை வைத்து மாட்டினான். பெட்ரோலைக் கூட்டித் தருகிற சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தான். ஓடியது. சோக் இழுத்திருக்கும்வரை அடைப்பு வெளியே தெரியாது. பந்தல்காரர் கூப்பிட்டார். சோக்கைத் தள்ளிவிட்டு இரண்டு நிமிடம் நின்று பார்த்திருக்கலாம்.

பார்க்கவில்லை.

மறுநாள் சம்பந்தி வீட்டாரை பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்துவரப் போனவர் திருமூர்த்தி. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி நின்றது. வேறு வழியில்லாமல் சோக்கை இழுத்தபடியே ஓட்டியிருக்கிறார். ரயில்வே கேட்டில் வண்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. சம்பந்தி வீட்டார் சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்தார்கள்.

பந்தலுக்கு முன்னால், அத்தனை பேர் பார்க்க, அவன் கத்தினான்.

“சோக்க இழுத்துட்டே ஓட்டி கார்பரேட்டரயே தொலச்சுப்போட்டீங்களே. உங்க கையில சாவியக் குடுத்தேன் பாருங்க, என்னயச் சொல்லோணும்.”

வீட்டு மாப்பிள்ளையிடம் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். அவர் பந்தியில் உட்காரவில்லை. விசாலாட்சி கை நனைக்காமல் அவர் பின்னாலேயே போய்விட்டாள். இருவரும் கல்யாணத்துக்கும் வரவில்லை.

அவன் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினான். கெடுத்தவர் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று இருந்துவிட்டான்.

இன்று காலை வந்தார்.

செய்தித்தாளில் சுற்றிய வேறொரு கார்பரேட்டரோடு. கோயம்புத்தூர் காயலான் கடைகளில் ஐந்து ஞாயிற்றுக்கிழமை அலைந்து பிடித்ததாம். காபி குடிக்க உள்ளே கூப்பிட்டதற்கு, முதலில் வேலை முடியட்டும் என்று வாசலிலேயே நின்றுகொண்டார்.

அவன் பிளேடைப் பார்த்தான்.

நாலு இழுப்பு. அட்டை தூளாகிவிடும். வண்டி ஓடினால் புது கார்பரேட்டரால் ஓடுகிறது என்பார்கள். விசாலாட்சி வருவாள். அண்ணன் மன்னித்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லுவாள்.

மன்னித்துவிட்டார். நினைக்கவே கூசியது.

ஆனாலும் இழுத்தான். கறுப்புத் தூள் விரலில் அப்பியது. வேட்டியில் துடைத்தான்.

புது அட்டையை நேராக வைத்து, அதன்மேல் கார்பரேட்டரை உட்காரவைத்தான். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி முறுக்கினான். பெட்ரோல் குழாயை மாட்டினான். கை பழகிய வேலை.

“ஸ்டார்ட் பண்ணுங்க.”

நாலைந்து தடவை இருமிவிட்டு என்ஜின் பிடித்துக்கொண்டது. சூடேறும்வரை நின்றான். சோக்கைத் தள்ளச் சொன்னான். ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகினான். உதறல் குறைந்தது. இன்னும் ஒரு நூல் திருகினான். என்ஜின் சீராக ஓட ஆரம்பித்தது.

“கால எடுங்க மாப்ள.”

எடுத்தார்.

வண்டி நிற்கவில்லை.

அந்தப் பக்கமிருந்து திருமூர்த்தியின் குரல் வந்தது.

“நாங் கெடுத்தது ஒருவழியா நேராயிருச்சுங்க மச்சான். ரெண்டு வருசமா சரியாத் தூக்கமில்லீங்க.”



“நீங்க கெடுக்கல,” என்றான்.

குனிந்தபடி, என்ஜினைப் பார்த்துச் சொன்னான். அந்தச் சத்தத்தில் அவனுக்கே கேட்கவில்லை. சொல்லியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வைத்துக்கொள்ளத்தான் பார்த்தான்.

“என்னங்க மச்சான்?”

அன்று இருநூறு பேருக்குக் கேட்கக் கத்திய வாய் இது.

நிமிர்ந்து பானட்டை இறக்கினான். கண்ணாடிக்குப் பின்னால் திருமூர்த்தி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

அவன் சுற்றிப்போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

“வண்டிய நிறுத்துங்க மாப்ள. ஒண்ணு சொல்லோணும்.”