ஞாயிற்றுக்கிழமை மலையேற்றம்

"இதைவிட ஒரு சைஸ் பெருசாக் குடு சோலைமலை. ஏறும்போது காலு வீங்கும்னு சொல்லியிருக்காங்க."

கணேசமூர்த்தி சப்பாத்துக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இடது காலை நீட்டினார். ஹட்டன் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ரப்பர் செருப்பைத் தவிர வேறெதையும் அவர் காலில் அந்தத் தெரு பார்த்ததில்லை.

"எங்க மொதலாளி ஏறப் போறீங்க?"

"ஞாயித்துக்கிழமை லிந்துலைப் பக்கம் ஒரு குரூப் போகுது. மலை, நீர்வீழ்ச்சி எல்லாம் சுத்திக் காட்டிட்டு அந்திக்குக் கொண்டாந்து விட்டுருவாங்க. நானும் பேரு குடுத்திருக்கேன்."

சோலைமலை சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மாடிப்படி ஏறவே நடுவுல நின்னு மூச்சு விடுவீங்க. நீர்வீழ்ச்சிதான் பாக்கணும்னா இறம்பொடையில பஸ்ஸுக்குள்ள இருந்தே பாக்கலாமே."

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு" என்றார் கணேசமூர்த்தி. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

வீடு கடைக்கு மேலேதான். மனைவி நாகலெட்சுமி இறந்த பிறகு அவரும் மகளும் மட்டும் இருந்தார்கள். மகள் சர்மிளா தேடிக்கொண்ட வேலை பிடிக்காமல், "அப்படின்னா இந்தப் படியேறாத" என்று அவர் கத்தியதும், மறுநாளே அவள் ஒரு பையோடு பஸ் ஏறியதும் பஜாருக்கே தெரியும். யார் முதலில் பேசுவது என்று தெரியாமலே வருஷங்கள் ஓடிவிட்டன.

இப்போது அடுப்பில் ஒரு ஆள் சோறு. பேச்சுத் துணைக்கு ரேடியோ. கடையைப் பூட்டினால் விடியும்வரை அவரை ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

இந்த ஒரு வாரமாகத்தான் அந்த வீட்டில் இன்னொரு குரல் கேட்டது. புது சிம் ஒன்று வாங்கி, மூர்த்தி என்று மட்டும் பெயர் கொடுத்து, மலையேறுகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்திருந்தார். வழிகாட்டி அதில் குரல் பதிவுகளாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். அட்டை கடிக்கும், அதனால காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கிட்டு, சப்பாத்துக்குள்ள முழங்கால்வரைக்கும் நீளமான மேஸ் போட்டுக்கிட்டு வாங்க. மழைக் கோட்டு கட்டாயம். பகல் சாப்பாட்டை நாங்க கொண்டு வாரோம்."

அதையே சிங்களத்திலும் ஒருமுறை சொல்லியிருந்தார். கணேசமூர்த்தி இரண்டையும் கேட்பார். சோற்றைப் பிசைந்துகொண்டே மறுபடி முதலிலிருந்து கேட்பார். சவர்க்காரம் பூசுவதில் மறந்துபோக என்ன இருக்கிறது?

கழிப்பறை இருக்குமா, அருவியில் குளிக்கலாமா என்றெல்லாம் மற்றவர்கள் குரூப்பில் கேட்டார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார்.

"நீங்களே வருவீங்களா? வேற ஆளை அனுப்புவீங்களா?"

"நானேதான் வருவேன் ஐயா, பயப்படாதீங்க" என்று பதில் வந்தது. போனின் வெளிச்சம் அணையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயந்தரங்களில் கடையை முன்னதாகவே அடைத்துவிட்டு, டிக்கோயா ரோட்டில் புதுச் சப்பாத்தோடு நடந்து பழகினார். முதல் நாள் பாதியில் குதிகால் உரிந்து, பஸ்ஸில் திரும்பி வந்தார். மறுநாள் துணியைச் சுற்றிக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூரம் போனார்.

சனிக்கிழமை சோலைமலை கேட்டார். "நானும் கூட வரட்டா மொதலாளி? வழியில எங்கயாவது விழுந்து வச்சீங்கன்னா?"

"விழுந்தா தூக்கிவிட அங்க ஆளு இருக்கு."

"முன்னப்பின்ன தெரியாத ஆளுங்க."

கணேசமூர்த்தி பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

ஞாயிறு காலை லிந்துலையில் நல்ல பனி. குரூப்பில் பாதிப்பேர் கொழும்பிலிருந்து வந்த இளவட்டங்கள். குளிர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, மப்ளரை மூக்குக்கு மேல் சுற்றிக்கொண்டு, அவர் எல்லோருக்கும் பின்னால் நின்றார். முன்னால் வழிகாட்டி பேச ஆரம்பித்தபோது அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தேயிலைக்கு நடுவே ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவிலேயே மூச்சு இரைத்தது. இரண்டாவது வளைவில் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். மப்ளர் தானாகக் கழுத்துக்கு இறங்கியது.

கடைசி ஆளாக வந்த உதவி வழிகாட்டி சுமன் அவர் கையைப் பிடித்தான். "என்னங்க ஐயா, முடியலயா? இன்னும் ஏத்தமே ஆரம்பிக்கலயே."

பிறகு மேலே பார்த்துக் குரல் கொடுத்தான். "இங்க ஒரு ஐயாவுக்கு ஏலாது போல. ஆட்டோ புடிச்சுத் திருப்பி அனுப்பிருவமா?"

"வேணாம் தம்பி, அனுப்பிறாதீங்க" என்றார் கணேசமூர்த்தி. "மெதுவா வந்துருவேன். யாருக்கும் தொந்தரவா இருக்க மாட்டேன்."

மேலேயிருந்து சப்பாத்துச் சத்தம் வேகமாக இறங்கி வந்தது. பக்கத்தில் வந்து நின்றது. சொல்வதற்கென்று ஒரு வாரமாக மனதுக்குள் வார்த்தைகளைக் கோத்துவைத்திருந்தார். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழிகாட்டி அவர் தோளிலிருந்த பையை மெல்லக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். எங்கேயோ ஓடை இறங்குகிற சத்தம் கேட்டது. சுமன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான்.

"நீ மத்தவங்களோட முன்னால போ சுமன், எங்க அப்பாவை நான் கூட்டிட்டு வாரேன்."